ஆறாவது ஆட்டக்காரர்



பதினான்கு எண்களைப் படிக்கிறேன். சற்றுப் பொறுமையோடு கேளுங்கள். 35, 51, 65, 58, 0, 14, 0, 0, 33, 55, 67, 80, 10, 0. இராமநாதபுரத்து மழைக் கணக்கோ என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அன்று. ஓர் ஆட்டக்காரர் 1974 முதல் 1988 வரை, பதினான்கு பருவங்களில், பருவத்துக்கு எத்தனை ஆட்டங்கள் ஆடினார் என்பதைக் காட்டும் பதிவு இது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து மன்றத்தில் ஒவ்வோர் அணிக்கும் அந்நாளில் பருவத்துக்கு 82 ஆட்டங்கள். எனவே அவர் ஆடியிருக்க வேண்டியவை 1,148; ஆடியவை 468. எஞ்சிய 680 ஆட்டங்களையும் அவர் மருத்துவமனையிலும், ஊன்றுகோலிலும், களத்தின் ஓரத்திலும் கழித்தார்.

வரலாறு படிப்போர் பெரும்பாலும் எண்களைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். ஆண்டுகளை மனப்பாடம் செய்வதோடு எண்களுக்கும் தமக்கும் உள்ள உறவு தீர்ந்துவிட்டதென்று கருதுகிறார்கள். நான் இன்று உங்களிடம் வேண்டுவது வேறு. இந்தப் பதினான்கு எண்களுக்கு நடுவே மூன்று சுழிகள் இருக்கின்றனவே, அவற்றையும், அவற்றுக்குப் பின் வரும் 80 என்னும் எண்ணையும் கூர்ந்து நோக்குங்கள். நான்கு பருவங்களில் பதினான்கே ஆட்டங்கள் ஆடிய ஒருவர், முப்பத்துமூன்றாம் வயதில் 80 ஆட்டங்கள் ஆடினார். எவ்வாறு ஆடினார்? என்ன விலை கொடுத்து ஆடினார்? இவையே இன்றைய பேச்சுக்குப் பொருள்.

அவர் பெயர் பில் வால்டன். 1952-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள், கலிபோர்னியா மாநிலத்தின் தென்கோடியில், சான் டியாகோ நகரை அடுத்த லா மேசா என்னும் ஊரில் பிறந்தார். தாயார் நூலகர், தந்தையார் சமூகப் பணி செய்தவர். வீட்டில் புத்தகங்கள் நிறைந்திருந்தன. தொலைக்காட்சிப் பெட்டி இல்லை. சிறுவன் வால்டன் கூடைப்பந்தாட்டத்தை முதலில் கண்ணால் கற்கவில்லை, காதால் கற்றான் என்றே சொல்லலாம். லாஸ் ஏஞ்சலிஸ் நகர அணியின் ஆட்டங்களைச் சிக் ஹெர்ன் என்ற வருணனையாளர் வானொலியில் விவரிப்பதை, சிறிய டிரான்சிஸ்டர் பெட்டியை வைத்துக்கொண்டு இரவுதோறும் கேட்பது அவன் வழக்கம். வானொலியில் பேசுகிறவன் என்ற முறையில் எனக்கு இச்செய்தியில் தனி மகிழ்ச்சி உண்டு என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

அவ்விளைஞருக்கு இரு குறைகள் இருந்தன. ஒன்று திக்குவாய். வகுப்பில் எழுந்து நின்று ஒரு சொற்றொடரை முடிப்பதற்குள் முகம் சிவந்துபோவார். மற்றொன்று கால். பள்ளிப் பருவத்திலேயே முழங்காலில் குருத்தெலும்பு கிழிந்து, கத்தி வைக்க வேண்டியதாயிற்று. பாதத்தின் வளைவும் பிறவியிலேயே மிக உயரமாக அமைந்திருந்தது. வளைவு உயர்ந்த பாதம் பார்ப்பதற்கு அழகியதுதான். ஆயினும், தாவிக் குதித்து இறங்கும்போது நெகிழ்ந்து அதிர்ச்சியைத் தாங்கும் தன்மை அதற்குக் குறைவு. ஏறத்தாழ ஏழடி உயரமுள்ள உடலின் பாரம் முழுவதும் அத்தகைய பாதங்களின்மேல் நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை விழுந்தால் என்ன ஆகும் என்பதை அன்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இவ்விடத்தில் ஆட்டத்தைப் பற்றி ஓரிரு சொற்கள். 1891-ஆம் ஆண்டு டிசம்பரில், ஸ்பிரிங்பீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் வெளியே ஆட இயலாமல் பொறுமையிழந்த மாணவர்களுக்காக ஜேம்ஸ் நேஸ்மித் என்னும் ஆசிரியர் இதைப் புதிதாக வகுத்தார். பீச் பழக்கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்து மேல்மாடத்தில் அடித்து, பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டினார். அவ்வியக்கத்தின் வழியாகவே அது உலகெங்கும் சென்றது. சென்னையில் 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் நம் பள்ளிகளுக்கும் அதைக் கொண்டுவந்தார்கள். ஆதலால் உங்கள் கல்லூரி முற்றத்தில் நிற்கும் கூடைக் கம்பத்துக்கும் நான் சொல்லும் கதைக்கும் மூலம் ஒன்றே.

1970-இல் வால்டன் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே பயிற்சியாளராக இருந்தவர் ஜான் வுடன். அமைதியானவர், பள்ளியாசிரியராக வாழ்வைத் தொடங்கியவர். நாடெங்கிலுமிருந்து பொறுக்கியெடுத்த இளைஞர்கள் முதல் நாள் பயிற்சிக்கு ஆவலோடு வந்து அமர்ந்தால், இவர் அவர்களுக்குக் காலுறை அணிவது எவ்வாறு என்று கற்பிப்பார்! விரல் நுனியிலும் குதிகாலிலும் மடிப்பில்லாமல் இழுத்து விட வேண்டும். மடிப்பு இருந்தால் கொப்புளம். கொப்புளம் வந்தால் ஆட்டம் போயிற்று. இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வால்டனும் அப்போது வியந்தவர்தாம். பாதத்தைப் பேணுதலே ஆட்டத்தின் முதற்பாடம் என்று ஆசிரியர் சொன்னது பிற்காலத்தில் அவருக்கு எத்தகைய பொருளைத் தந்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

வால்டன் முதலணியில் ஆடத் தொடங்கிய 1971–72 பருவத்தில் அவர் கல்லூரி 30 ஆட்டங்களில் 30-ஐயும் வென்றது. அடுத்த பருவத்திலும் அவ்வாறே. இரண்டு ஆண்டுகளிலும் தேசியக் கல்லூரி வாகை அவர்களுக்கே. 1973 மார்ச்சு மாதம் மெம்பிஸ் மாநிலக் கல்லூரியோடு நடந்த இறுதி ஆட்டத்தில் வால்டன் கூடையை நோக்கி 22 முறை பந்தை எறிந்தார். 21 முறை பந்து கூடைக்குள் சென்றது. மொத்தம் 44 புள்ளிகள். அவ்வணி அடுத்தடுத்து வென்ற ஆட்டங்கள் 88. ஆடவர் கல்லூரிக் கூடைப்பந்தில் அதை மிஞ்சிய தொடர் இன்றளவும் இல்லை. மகளிருள் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தார் 2017-இல் 111 வரை சென்றார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆடவர் கணக்கை மட்டும் சொல்லி முடிப்பது நேர்மையாகாது.

அவர் அடங்கிய பிள்ளையாகவும் இருக்கவில்லை. 1972 மே மாதம் வியட்நாம் போரை எதிர்த்துக் கல்லூரியில் நடந்த கிளர்ச்சியில் கைதானார். ஆசிரியர் வுடன் அதை விரும்பவில்லை. மற்றொரு முறை தாடியும் நீண்ட தலைமயிருமாகப் பயிற்சிக்கு வந்து, இது என் உரிமை என்று வாதிட்டார். உறுதியான கொள்கை உடையவர்களை மதிக்கிறேன் என்றும், ஆனால் நீ இல்லாத குறை எங்களுக்குப் பெரிதாக இருக்கும் என்றும் ஆசிரியர் அமைதியாகச் சொன்னாராம். மிதிவண்டியை எடுத்துக்கொண்டு முடி திருத்தகத்துக்கு வால்டன் பறந்த கதையை அவரே வாழ்நாள் முழுவதும் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இந்த வெற்றிகளின் நடுவே உடல் தன் எச்சரிக்கையை விடுத்துக்கொண்டே இருந்தது. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் முழங்கால்களுக்கு ஒத்தடமும் பனிக்கட்டியும் வேண்டியிருந்தன. 1974 சனவரியில், கூடையருகே எம்பியவரின் கால்களுக்கு அடியில் எதிரணியார் ஒருவர் புகுந்ததால், முதுகு தரையில் மோத விழுந்து தண்டெலும்பில் முறிவு கண்டார். இரு வாரங்களுக்குள் இடுப்பில் கச்சை கட்டிக்கொண்டு நோட்டர் டேம் கல்லூரிக்கு எதிராக ஆடினார். அன்று அவர் அணி 70–59 என்று முன்னின்று, இறுதி மூன்றரை நிமிடங்களில் ஒரு புள்ளியும் எடுக்காமல், 71–70 என்று தோற்றது. 88 ஆட்டத் தொடர் அங்கே முடிந்தது. முறிந்த முதுகோடு ஆடிய வால்டன் 24 புள்ளிகள் எடுத்திருந்தார். செய்தித்தாள்கள் அவர் வீரத்தைப் போற்றின. மாணவர்களே, இந்தப் போற்றுதலைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். புண்பட்ட உடலோடு ஆடுவது புகழுக்குரியது என்னும் பாடத்தை ஓர் இளைஞர் இருபத்தோராம் வயதில் கற்றுக்கொண்டார். அப்பாடத்தை மறக்க அவருக்குப் பல ஆண்டுகள் ஆயின.

அவ்வாண்டே போர்ட்லண்டு நகர அணி அவரை நாட்டின் முதல் தேர்வாக எடுத்துக்கொண்டது. முதல் இரு பருவங்களில் கணுக்கால், மணிக்கட்டு, விரல் என்று ஒன்று மாற்றி ஒன்று கெட்டது. நான் தொடக்கத்தில் படித்த 35-உம் 51-உம் அவைதாம். மூன்றாம் பருவத்தில் ஜாக் ராம்சே என்னும் நல்ல பயிற்சியாளர் வந்தார். மாரிஸ் லூகாஸ் என்னும் வலிமை மிக்க தோழர் பக்கத்தில் நின்றார். 1977-இல் இறுதித் தொடரின் முதல் இரண்டு ஆட்டங்களையும் பிலடெல்பியாவிடம் இழந்தபின், அடுத்த நான்கையும் வென்று போர்ட்லண்டு வாகை சூடியது. கடைசி ஆட்டத்தில் வால்டன் எடுத்தவை 20 புள்ளிகள். கூடையில் பட்டுத் திரும்பிய பந்தைக் கைப்பற்றியது 23 முறை. எதிரியின் எறிதலைத் தடுத்தது 8 முறை. ஆனால் எண்கள் அவர் ஆட்டத்தின் அழகைச் சொல்லா. எம்பிப் பந்தைப் பிடித்தவர், கால் தரையில் படுமுன் உடலைத் திருப்பி, களத்தின் நடுவே ஓடும் தோழனின் கைக்கு அதை அனுப்பிவிடுவார். பந்து தம் கையில் தங்குவதை விரும்பாத பெரிய ஆட்டக்காரர் அவர்.

அடுத்த பருவத்தில் போர்ட்லண்டு அணி முதல் 60 ஆட்டங்களுள் 50-ஐ வென்றிருந்தது. அப்போது வால்டனின் பாதம் கெட்டது. அவர் இல்லாமல் நடந்த எஞ்சிய 22 ஆட்டங்களுள் அணி வென்றவை 8 மட்டுமே. அவர் 58 ஆட்டங்களே ஆடியிருந்தும், அவ்வாண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்னும் பட்டத்தை அவருக்கே வழங்கினார்கள் என்றால் பாருங்கள். பருவ முடிவில் நாக்-அவுட் தொடர் வந்தது. வலியை மரக்கச் செய்யும் ஊசியைப் பாதத்தில் போட்டுக்கொண்டு சியாட்டில் அணிக்கு எதிராக இறங்கினார். பின்னர் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படம் இடப் பாதத்தில் எலும்பு முறிந்திருப்பதைக் காட்டியது.

முறிந்த எலும்பு எது? பாதத்தின் உட்புறம், வளைவின் உச்சியில், படகு போன்ற வடிவமுடைய சிறியதோர் எலும்பு உண்டு. மருத்துவர் அதைப் படகெலும்பு என்பர். கட்டட வளைவின் உச்சிக் கல்லைப் போல அது இருபுறத்து அழுத்தத்தையும் தாங்குவது. அதன் நடுப்பகுதிக்குச் செல்லும் இரத்த ஓட்டமோ மிகக் குறைவு. ஆகையால் அங்கே விரிசல் கண்டால் எளிதில் கூடாது. ஓய்வே முதல் மருந்து. வலி என்பது வீட்டுக் காவல் நாய். நாய் குரைக்கிறதே என்று அதற்கு மயக்க மருந்து கொடுத்து உறங்க வைத்தால், வந்த திருடன் திரும்பிப் போய்விடுவானா? ஊசியின் மறைவில் நடந்த ஒரு சில நாழிகை ஆட்டத்துக்கு ஈடாக அவர் நான்கு ஆண்டுகளைக் கொடுத்தார்.

தமக்கு அளித்த மருத்துவம் முறையானதன்று என்று வால்டன் குற்றஞ்சாட்டினார். வேறு அணிக்குச் செல்ல விடுமாறு கேட்டார். விடாததால் ஒரு பருவம் முழுவதும் ஆடாமலிருந்தார். வழக்கும் நடந்து, பின்னர் உடன்பாட்டில் முடிந்தது. வழக்கின் நியாயத்தை எடை போடுவது என் வேலையன்று. ஆயினும் ஒன்று சொல்வேன். இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவனிடம், நகரமே காத்திருக்கும் ஒரு மாலைப்பொழுதில், உன்னால் ஆட முடியுமா என்று கேட்டால், அவன் முடியாது என்று சொல்வது அரிது. அவனுக்காக அதைச் சொல்லும் துணிவு வேறு யாருக்காவது இருக்க வேண்டும்.

1979-இல் பிறந்த மண்ணுக்கே, சான் டியாகோ அணிக்குச் சென்றார். முதல் பருவத்தில் 14 ஆட்டங்கள். பாதம் மீண்டும் முறிந்தது. பிறகு இரண்டு சுழிகள். இனி அவர் ஆட மாட்டார் என்று மருத்துவர்கள் கூறினர், ஏடுகள் எழுதின. ஊர்க்காரர்களின் ஏளனமும் இருந்தது. பெரும்பணம் வாங்கிக்கொண்டு ஓய்ந்திருப்பவர் என்று பேசினார்கள்.

வரலாற்று ஏட்டில் சுழி என்பது ஒன்றும் நிகழாமையைக் குறிப்பதன்று. அந்த வெற்று ஆண்டுகளில் மூன்று காரியங்கள் நிகழ்ந்தன. முதலாவது, 1981-இல் ஓர் அறுவை மருத்துவர் துணிந்து, பாதத்தின் எலும்புகளை அறுத்துத் திருத்தி, பிறவியிலேயே உயர்ந்திருந்த வளைவைத் தாழ்த்தி அமைத்தார். அதுவரை செய்த மருத்துவமெல்லாம் முறிந்ததை ஒட்டும் மருத்துவம். இதுவோ முறிவதற்கான காரணத்தையே நாடிய மருத்துவம். இரண்டாவது, இனி ஆட்டம் இல்லையெனில் என்ன செய்வது என்று எண்ணி, வால்டன் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சட்டம் பயிலச் சென்றார். பட்டம் பெறும் வரை பயிலவில்லை.

மூன்றாவது காரியம் பேச்சு. இருபத்தெட்டாம் வயதில் ஒரு நிகழ்ச்சியில் மார்ட்டி கிளிக்மன் என்னும் முதியவரைச் சந்தித்தார். கிளிக்மன் புகழ் பெற்ற வானொலி வருணனையாளர். அதற்கு முன் ஓட்டக்காரர். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில், யூதர் என்பதாலேயே ஓட விடாமல் கடைசி நேரத்தில் தொடரோட்டத்திலிருந்து நீக்கப்பட்டார் என்று அவர் வாழ்நாளெல்லாம் உறுதியாக நம்பினார். நம்புவதற்குக் காரணமும் இருந்தது. காலிருந்தும் ஓட முடியாமற்போனவர், ஆட முடியாமற்போனவருக்கு நாவைப் பழக்கச் சொல்லிக்கொடுத்தார் என்பது எனக்கு நெஞ்சைத் தொடும் செய்தி. பேச்சு என்பது வரம் அன்று, கைத்திறனைப் போல ஒரு பயிற்சி, மெல்லப் பேசு, உரக்கப் படி, நாள்தோறும் செய் என்பவை அவர் கூறிய வழிகள். பள்ளியில் வாய் திறக்க அஞ்சிய வால்டன் பின்னாளில் தொலைக்காட்சியில் ஓயாது பேசும் வருணனையாளராகி, நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டார் என்று பெயர் வாங்கினார்.

1982-இல் மீண்டும் களத்துக்கு வந்தார். முதலில் வாரத்துக்கு ஓர் ஆட்டம் என்றே அளந்து ஆடினார். 33, பிறகு 55, பிறகு 67. ஏறுமுகமான இவ்வெண்களைப் பார்க்கும்போது, நோயாளி ஒருவர் முற்றத்தில் நாளுக்குப் பத்தடியாக நடை பழகுவது போல எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவர் அணி வலுவற்றது; தோல்வியே அதற்கு வழக்கம். ஆடக்கூடிய காலம் இன்னும் சிறிதே என்பதை அவர் அறிவார். அச்சிறிது காலத்தை எங்கே செலவிடுவது?

1985-இல் தாமே தொலைபேசியை எடுத்தார். லாஸ் ஏஞ்சலிஸ் அணியைக் கேட்டார். அவர் பாதங்களின் மருத்துவக் குறிப்புகளை அறிந்திருந்த அவர்கள் மறுத்தார்கள். அடுத்துப் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் தலைவர் ரெட் அவர்பாக்கை அழைத்தார். அந்நேரம் அறையிலிருந்தவர் அவ்வணியின் முதன்மை ஆட்டக்காரர் லாரி பேர்டு. வால்டனுக்கு உடல் நலமாக இருக்கிறதென்றால் வேறு ஆராய்ச்சி வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்று பேர்டு சொன்னாராம். பின்னர் மருத்துவச் சோதனை. எக்ஸ்-கதிர்ப் படங்களை விளக்கொளியில் மாட்டிப் பார்த்த மருத்துவர்கள் தலையை அசைத்துக்கொண்டு நின்றார்களாம். அவர்பாக் வாயில் சுருட்டோடு உள்ளே நுழைந்து, நேரே வால்டனிடம், ஆட முடியுமா என்று மட்டும் கேட்டாராம். முடியும் என்று எண்ணுகிறேன் என்றார் இவர். சோதனை முடிந்தது! வால்டனே பலமுறை சொன்ன கதை இது. சொல்லச் சொல்லச் சற்று மெருகேறியிருக்கவும் கூடும்.

இங்கே நீங்கள் ஒன்றைக் கருத வேண்டும். பாஸ்டனில் நடுவிடத்துக்கு ராபர்ட் பாரிஷ் என்னும் தேர்ந்த ஆட்டக்காரர் இருந்தார். அவருடைய இடத்தில் வால்டன் ஆடப்போவதில்லை. ஆட்டம் தொடங்கும்போது ஐவர் களமிறங்குவர். வால்டன் மேலங்கியைப் போர்த்துக்கொண்டு பலகையில் அமர்ந்திருப்பார். நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று ஒரு காலத்தில் முடிசூட்டப்பெற்றவர், இனி ஆறாவது ஆட்டக்காரர்.

கிரிக்கெட்டைப் பார்த்துப் பழகிய நமக்கு மாற்று ஆட்டக்காரர் என்றால் தண்ணீர் கொண்டுவருபவர் என்றொரு நினைப்பு. கூடைப்பந்தில் அப்படியன்று. ஒருவரை எத்தனை முறை வேண்டுமானாலும் வெளியே அழைத்து, எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே அனுப்பலாம். எதிரணி களைத்திருக்கும் நேரம் பார்த்து இறங்கி, ஆட்டத்தின் போக்கையே மாற்றுபவர் ஆறாமவர். 48 நிமிட ஆட்டத்தில் வால்டன் ஆடியது சராசரி 19 நிமிடங்கள். எடுத்த புள்ளிகள் சராசரி எட்டுக்கும் குறைவு. போர்ட்லண்டில் ஆடியதில் பாதிக்குச் சற்றே மேலான பணி அது. அப்பாதியே அவர் பாதங்கள் தாங்கக்கூடிய அளவு. பாதத்தின் அளவுக்கு ஆசையைக் குறைத்துக்கொண்டார். குறைத்துக்கொண்டதனால் 82 ஆட்டங்களுள் 80-இல் ஆட முடிந்தது. மன உறுதி ஒன்றினாலேயே அவர் மீண்டார் என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அது உடன்பாடன்று. 1978-இல் ஊசி போட்டுக்கொண்டு இறங்கியபோதும் அவரிடம் மன உறுதிக்குக் குறைவில்லை. 1985-இல் புதிதாக இருந்தவை திருத்தியமைத்த பாதமும், அளவறிந்த வேலையும், சுமையைப் பகிர்ந்துகொள்ளும் தோழர்களும்தாம்.

அந்தப் பருவத்தில் ஒரு மாலை. 1986 சனவரி 22. எதிரணி, அவரை மறுத்த லாஸ் ஏஞ்சலிஸ். அதன் நடுவிடத்தில் நிற்பவர் கரீம் அப்துல் ஜப்பார். வால்டன் படித்த அதே பல்கலைக்கழகத்தில், அதே ஜான் வுடனிடம் காலுறை அணியக் கற்ற மூத்த மாணவர். வால்டன் அன்று களத்திலிருந்தது 16 நிமிடங்களே. அதற்குள் 11 புள்ளிகள், திரும்பிய பந்தைப் பிடித்தது 8 முறை, தோழர்க்குக் கூடை அமைத்துக் கொடுத்தது 4 முறை, தடுத்த எறிதல்கள் 7. பாஸ்டன் அரங்கத்தில் கூட்டம் எழுந்து நின்று ஆரவாரித்தது. சிறுவயதில் டிரான்சிஸ்டர் வழியே கேட்ட ஆரவாரம் அது. அப்போது அவன் விரும்பிய வீரர் பில் ரசல் இதே பாஸ்டன் அணியைச் சேர்ந்தவர்.

அவ்வணி அப்பருவத்தில் 67 ஆட்டங்களை வென்று 15-இல் தோற்றது. சொந்த ஊரில் ஆடிய 41 ஆட்டங்களுள் தோற்றது ஒன்றே. சூன் 8-ஆம் நாள் ஹூஸ்டன் அணியை 114–97 என்று வென்று, இறுதித் தொடரைக் கைப்பற்றியது. சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் என்னும் விருது வால்டனுக்குக் கிடைத்தது. ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர், இறுதித் தொடரின் தலைசிறந்த ஆட்டக்காரர், சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் என மூன்று விருதுகளையும் பெற்றவர் அவர் வாழ்ந்த காலத்தில் வேறொருவர் இல்லை.

அடுத்த பருவத்தின் எண் 10. பாதம் மீண்டும் இடம் கொடுக்கவில்லை. அதற்கு அடுத்தது சுழி. அத்தோடு ஆட்டம் முடிந்தது. வாழ்நாளில் அவர் உடலில் முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. கணுக்கால் மூட்டுகளை அசையாதபடி இணைத்துவிட்டார்கள். கல்லூரி நாளில் முறிந்த முதுகு ஐம்பத்தைந்தாம் வயதில் பழி வாங்கியது. தரையில் படுத்தபடி மாதக்கணக்கில் கிடந்து, உயிரை விட்டுவிடலாமா என்றும் எண்ணியதாக அவரே எழுதியிருக்கிறார். 2009-இல் தண்டெலும்பில் பல மணி நேர அறுவை செய்தபின் எழுந்து நடமாடினார், மிதிவண்டி ஏறினார். ஓட முடியாத, குதிக்க முடியாத கால்கள் மிதிக்க மட்டும் மறுக்கவில்லை.

சினத்தோடு விட்டுப் பிரிந்த போர்ட்லண்டு, 1989-இல் அவர் அணிந்த 32-ஆம் எண் சட்டையை இனி யாரும் அணியாதபடி அரங்கத்தில் உயர்த்தியது. அந்நகரை விட்டுச் சென்ற முறைக்காகப் பல ஆண்டுகளுக்குப் பின் அவரும் அவ்வூர் மக்களிடம் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். 2024 மே 27-ஆம் நாள், புற்றுநோயால், தம் எழுபத்தோராம் வயதில் மறைந்தார்.

பதினான்கு எண்களுள் ஒன்றைப் பற்றி நான் இன்னும் முழுமையாகச் சொல்லவில்லை. 14 என்று எழுதப்பெற்றிருக்கும் 1979–80 பருவம். பாதம் முறிந்து வீட்டிலிருந்த அந்த 1980 மார்ச்சு மாதத்தில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். போர்ட்லண்டுத் தோழர் மாரிஸ் லூகாஸின் நினைவாக லூக் என்று பெயரிட்டார். அம்மகனும் கூடைப்பந்தாட்டக்காரனாகி, தந்தையை ஒரு காலத்தில் மறுத்த லாஸ் ஏஞ்சலிஸ் அணியில் சேர்ந்து, 2009-இலும் 2010-இலும் வாகை சூடினான். அவ்வணியிலும் அவன் பெரும்பாலும் பலகையிலிருந்து எழுந்து வந்து ஆடியவனே.